பள்ளிவாசலிலிருந்து வரவேற்பறைக்கு: மம்லூக் கண்ணாடி விளக்கின் வரலாறு

2024 நவம்பர் மாதத்தில் இலண்டன் நகரின் ஏலக்கூடம் ஒன்றில் பழைய கண்ணாடி விளக்கொன்று 50 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட விலைக்குப் போயிற்று. அதனை நீண்டகாலம் வைத்திருந்த குடும்பத்தார் உலர்ந்த பூக்களைச் செருகி வைக்கும் சாடியாக அதனைப் பயன்படுத்தி வந்தனர் என்ற செய்தி அப்போது பத்திரிகைகளில் வெளிவந்தது. வாசித்தோருக்கு அது ஒரு வேடிக்கைச் செய்தியாகத் தோன்றியிருக்கலாம். ஆயின் அந்தப் பூச்சாடி ஒரு காலத்தில் கெய்ரோவில் அமீர் ஸைபுத்தீன் ஸர்கித்மிஷ் நிறுவிய மத்ரஸாவின் விளக்காக இருந்தது என்பதையும், அதன் மேனியில் அவரது பெயரும் பட்டங்களும் பொறிக்கப்பட்டிருந்தன என்பதையும் நினைக்கும்போது வேடிக்கை மறைந்து ஒரு கேள்வி எழுகின்றது. வக்ஃபுச் சொத்தாகிய ஒரு விளக்கு எவ்வாறு வீட்டு அலங்காரப் பொருளாயிற்று? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் இன்றைய வீட்டு விளக்குகளின், வீட்டு அலங்காரத்தின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி நம் கண்முன் விரிகின்றது.

ஸர்கித்மிஷ், சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் மம்லூக்குகளில் ஒருவர். சுல்தானின் ஆடைக்காப்பாளராகிய ‘ஜம்தார்’ பதவியில் தொடங்கி அரசையே ஆட்டிவைக்கும் நிலைக்கு உயர்ந்தவர். ஹிஜ்ரி 757இல் (கி.பி. 1356) இப்னு தூலூன் பள்ளிவாசலை ஒட்டி ஹனஃபி மத்ஹபினருக்கென அவர் கட்டிய மத்ரஸா இன்றும் நிற்கின்றது. கட்டி முடித்து இரண்டே ஆண்டுகளில் சுல்தான் ஹஸனின் சினத்துக்கு ஆளாகி அலெக்ஸாந்திரியாச் சிறையில் மாண்டார். விளக்குகள் மட்டும் பின்னும் பல நூற்றாண்டுகள் எரிந்திருக்க வேண்டும்.

இஸ்லாத்தின் ஆரம்ப காலத்தில் விளக்கு என்பது அரிய பொருள். நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது தாம் குறுக்கே படுத்திருந்த நிலையை விவரிக்கும் ஆயிஷா (ரழி) அவர்கள், அந்நாட்களில் வீடுகளில் விளக்குகள் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே கூறுவதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பின்னர் விளக்குகள் வீடுகளுக்கு வந்தபோது, உறங்கச் செல்லுமுன் அவற்றை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். பள்ளிவாசலில் முதன்முதல் விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரழி) என்பதை இப்னு மாஜாவின் அறிவிப்பு ஒன்று தெரிவிக்கின்றது. நபி (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட மைமூனா (ரழி), பைத்துல் முகத்தஸ் பற்றி வினவியபோது, அங்கு சென்று தொழ இயலாதவர் அதன் விளக்குகளுக்கு எண்ணெயாவது அனுப்பட்டும் என்ற கருத்தில் விடை அளிக்கப்பட்டதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பற்றி முஹத்திஸ்களிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், விளக்கெண்ணெய்க்கு வக்ஃபு செய்யும் வழக்கம் முஸ்லிம் உலகெங்கும் வேரூன்ற இவ்வறிவிப்பு துணைசெய்தது எனலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஸூரா அந்நூரின் 35ஆம் வசனம் இருந்தது. மாடம், அதனுள் விளக்கு, விளக்கைச் சூழ்ந்த கண்ணாடி, அதற்கு ஊற்றப்படும் ஸைத்தூன் எண்ணெய் என ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அவ்வுவமை, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு ‘மிஷ்காத்துல் அன்வார்’ என்னும் நூலை எழுதத் தூண்டுதலாயிற்று. கைவினைஞருக்கோ அதுவே ஒரு வடிவமைப்பாயிற்று. தத்துவ ஞானி எண்ணத்தில் கண்டதைக் கண்ணாடியாளன் உலைக்களத்தில் கண்டான்.

பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் ஸிரியாவிலும் எகிப்திலும் இக்கலை உச்சம் அடைந்தது. மணலோடு பாலைவனச் செடிகளை எரித்த சாம்பலைச் சேர்த்து உருக்கிக் கண்ணாடி செய்தனர். அச்சாம்பலின் பெயராகிய ‘அல்கலீ’ என்னும் அரபுச் சொல்லே இன்று வேதியியலில் ‘அல்கலி’ என வழங்குகின்றது. உருகிய கண்ணாடியை ஊதுகுழலால் ஊதி, விரிந்த வாயும் பருத்த வயிறும் அடிப்பாதமும் கொண்ட கலமாக்கி, வயிற்றைச் சுற்றிச் சங்கிலி மாட்டுவதற்கான காதுகளை ஒட்டினர். அதன்பின் பொடித்த நிறக்கண்ணாடியைக் குழைத்துத் தூரிகையால் தீட்டினர். நீலத்துக்குக் கோபால்ட்டும் சில வேளைகளில் லாஜவர்த் கல்லும், சிவப்புக்கு இரும்புச் சத்தும், வெண்மைக்கு வெள்ளீயமும் பயன்பட்டன, பொன்பூச்சும் உண்டு. இந்த எனாமல் இளகிப் பிடிக்க வேண்டும்; ஆனால் கலம் உருகிக் குலையக் கூடாது. உலைவாயில் கலத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்பவனின் கை சற்றே தாமதித்தால் பல நாள் உழைப்பு பாழ். இத்தகைய விளக்குகளில் ஒன்றில், அமீர் கவ்ஸூனுக்காகச் செய்யப்பட்டு இன்று நியூயோர்க்கில் உள்ளதில், செய்தவரின் பெயர் அலீ இப்னு முஹம்மத் என எழுதப்பட்டிருக்கின்றது. ஏனையோர் பெரும்பாலும் பெயர் எழுதாமலே போய்விட்டனர்.

உண்மையில் கலம் முழுவதும் விளக்கன்று. அது விளக்கின் உறை. உள்ளே சிறு கண்ணாடிக் கிண்ணமொன்றில் நீரும் அதன்மேல் எண்ணெயும் திரியும் இருந்தன. எண்ணெய்த் திரியின் ஒளி மிக மெல்லியது. இன்று நாம் ஒரு மின்குமிழிலிருந்து பெறும் வெளிச்சத்துடன் ஒப்பிட முடியாதது. ஆதலின் ஒரு விளக்கால் பயனில்லை. நீண்ட சங்கிலிகளில் தொழுவோர் தலைக்குச் சற்று உயரே பல விளக்குகளைத் தாழத் தொங்கவிட்டனர். கூரை இருளில் இருக்கும். மனிதர் இருக்கும் உயரத்தில் மட்டும் ஒளி மிதக்கும். சுல்தான் ஹஸன் மத்ரஸாவின் (1356–1363) பிரமாண்டமான வளைவுகளின் கீழ் நின்று, மேலிருந்து இறங்கும் சங்கிலிகளைப் பார்ப்பவர் இதனை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

விளக்கின் கழுத்தில் பெரும்பாலும் அந்நூர் வசனத்தின் ஒரு பகுதி இடம்பெறும். இடம் முடிந்தவுடன் வசனம் நின்றுவிடும். சில விளக்குகளில் அது பாதித் தொடரிலேயே நிற்கின்றது. எஞ்சியதை மனத்திலிருந்து ஓதிக்கொள்ளும் சமூகத்துக்கு அது ஒரு குறையாகத் தோன்றியிராது. வயிற்றுப் பகுதியில் ‘அல்மகர்ருல் அஷ்ரஃப்’ போன்ற பட்டங்களுடன் அமீரின் பெயர். இடையிடையே அவரது பதவிச் சின்னம். பானம் பரிமாறுவோனாகிய ஸாகிக்குக் கிண்ணம், ஆடைக்காப்பாளருக்குத் துணிச்சதுரம், செயலாளருக்கு எழுதுகோற்பெட்டி என்ற முறையில் இச்சின்னங்கள் அமைந்தன. பல விளக்குகளில் கழுத்தின் எழுத்து நீல எனாமலால் ஆனது. வயிற்றின் எழுத்தோ நீலப் பின்னணியில் வெறுங்கண்ணாடியாக விடப்பட்டுப் பொன்பூச்சுப் பெற்றது. விளக்கு எரிகையில் இறைவசனம் நிழலாகவும் அமீரின் பெயர் ஒளியாகவும் தோன்றும். கண்ணாடியாளன் இதனை எண்ணிச் செய்தானா, நிறப்பொருத்தம் கருதிச் செய்தானா என்பது ஒருபுறமிருக்க, அந்த ஆட்சியாளரின் மனநிலை பற்றி இது ஏதோ சொல்லாமற் சொல்கின்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

இந்த ஒளிவெள்ளத்தை உலமாக்கள் அனைவரும் வரவேற்றுவிடவில்லை. ஷஃபான் மாதத்தின் நடு இரவு போன்ற குறிப்பிட்ட இரவுகளில் பள்ளிவாசல்களில் மிகப்பல விளக்குகளை ஏற்றுவதை, வீண்விரயம் மிகுந்த வெறுக்கத்தக்க பித்அத்தாக இமாம் நவவீ (ரஹ்) ‘அல்மஜ்மூஃ’ நூலில் கண்டிக்கின்றார். கி.பி. 1336இல் கெய்ரோவில் காலமான மாலிகி அறிஞர் இப்னுல் ஹாஜ் ‘அல்மத்கல்’ நூலில் அதே குற்றச்சாட்டை விரித்துரைக்கின்றார். வக்ஃபு எண்ணெய் வீணாவது அவரைப் பெரிதும் உறுத்தியது. கவ்ஸூனின் விளக்கு செய்யப்பட்ட அதே நகரில், அதே ஆண்டுகளில் இக்குரலும் ஒலித்தது என்பது குறிப்பிடத்தக்கது. இஸ்லாமியக் கலை பற்றி இன்று எழுதுவோர் விளக்குகளின் அழகை மட்டும் எழுதிவிட்டு இவ்விவாதத்தைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

மறுபுறம், வக்ஃபு ஆவணங்கள் விளக்கை ஒரு நிர்வாக விடயமாகவே நோக்கின. விளக்கேற்றுபவராகிய ‘வக்காத்’ என்பவருக்கு ஊதியம், எண்ணெய்க்குச் செலவு, உடையும் கண்ணாடிக்குப் பதில் வாங்குவதற்கான தொகை எல்லாம் எழுதி வைக்கப்பட்டன. ஒரு கடையின் வாடகையோ ஒரு கிராமத்தின் விளைச்சலோ எண்ணெயாக மாறி அந்தக் கலத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தொடர்பு இருக்கும்வரைதான் அது விளக்கு.

பள்ளிவாசலில் இவ்வாறெனில் வீடுகளில் நிலைமை யாது? மக்ரீஸீ (1364–1442) தமது ‘கிதத்’ நூலில் கெய்ரோவின் மெழுகுவர்த்திச் சந்தையையும், வெள்ளி பதித்த செப்புப் பாத்திரங்களின் சந்தையையும் வருணிக்கின்றார். கெய்ரோவில் இத்தகைய பாத்திரங்கள் சில இல்லாத வீட்டைக் காண்பது அரிது என்னும் அளவுக்கு அவை ஒரு காலத்தில் மலிந்திருந்தனவாம். மணமகளின் சீதனத்தில் ‘திக்கா’ எனப்படும் மேடையொன்று சேரும். தந்தமும் கருங்காலியும் இழைத்த மரத்தாலான அம்மேடையின்மீது பெரிதிலிருந்து சிறிதாக வெள்ளி பதித்த பாத்திரங்கள் அடுக்கி வைக்கப்படும். விளக்குத் தாங்கியும் அவற்றோடு சேரும். தம் காலத்திலேயே இவை அருகிவிட்டன என்றும், மக்கள் பழைய பாத்திரங்களிலிருந்து வெள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டனர் என்றும் அவர் வருந்துகின்றார்.

இத்திக்கா நீங்கலாக, அவ்வீடுகளில் இன்று நாம் தளபாடம் என்று சொல்லும் பொருள்கள் மிகச் சிலவே. சுவரோரத் தாழ்மேடைகள், மெத்தைகள், தலையணைகள், விரிப்புகள், உணவு வேளையில் கொண்டுவந்து வைத்துப் பின் எடுத்துச் செல்லப்படும் தட்டுகள், இவ்வளவே. வீடு வெறுமையாக இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஒரே அறை பகலில் விருந்தினர் கூடமாகவும் இரவில் படுக்கையறையாகவும் மாறுவதற்கு இடம்தந்த ஏற்பாடு இது. இங்கு ஒரு சொல்லின் பயணத்தையும் குறிப்பிடல் வேண்டும். மஸ்ஜிதுந் நபவியின் ஒரு மருங்கில் வறிய ஸஹாபாக்கள் தங்கியிருந்த நிழலிடம் ‘ஸுஃப்பா’. அவர்கள் ‘அஹ்லுஸ் ஸுஃப்பா’. அதே சொல் மேடை இருக்கையைக் குறித்துத் துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று ‘சோபா’ ஆகி, இன்று நம் வீட்டு வரவேற்பறையில் வந்து அமர்ந்திருக்கின்றது. ‘திவான்’ சென்ற வழியும் ஏறத்தாழ இதுவே.

வீட்டின் ஒளியமைப்பில் பெரும்பங்கு விளக்கினுடையதன்று; சாளரத்தினுடையது. கெய்ரோவின் பைத்துஸ் ஸுஹைமீ போன்ற வீடுகளில் கடைந்த சிறு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்த மஷ்ரபிய்யாக்கள் கடும் வெயிலைப் புள்ளிப்புள்ளியாக உடைத்து உள்ளே அனுப்பின. அவற்றுக்கு மேலே சுண்ணப் பலகையில் துளையிட்டு நிறக்கண்ணாடித் துண்டுகளைப் பதித்த கமரிய்யாக்கள். வெளியிலிருந்து பார்வை உள்ளே வராது. காற்றும் ஒளியும் வரும். தரையோடு அமரும் மனிதரின் கண்மட்டத்துக்கு அளவெடுத்த ஏற்பாடு அது. நாற்காலி வந்து கண்மட்டம் உயர்ந்ததும் அந்த அளவுகள் பொருந்தாமற் போயின.

கண்ணாடி விளக்கின் வீழ்ச்சி பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1401இல் தைமூர் திமிஷ்கைச் சூறையாடியதே அதற்குக் காரணம் என்று வழமையாகக் கூறுவர். எகிப்தைப் பீடித்த கொள்ளைநோய்களுக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் இதில் அதைவிடக் குறைந்த பங்கில்லை என்பதே என் எண்ணம். எவ்வாறாயினும், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சுல்தான் காயித்பாயின் பெயர் தாங்கிய விளக்கொன்றை ஐரோப்பியக் கண்ணாடியாளரின் கைவேலை என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1569இல் உஸ்மானியப் பிரதம வஸீர் ஸொகுல்லு மெஹ்மத் பாஷா, இஸ்தன்பூலில் இருந்த வெனிஸ் தூதர் மூலமாக 900 விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பினார். வேண்டிய வடிவத்தின் வரைபடமும் உடன் சென்றது. முஸ்லிம்கள் கற்பித்த கலையை அவர்களே விலைகொடுத்து வாங்கும் நிலை அன்றே வந்துவிட்டது.

அதே நூற்றாண்டில் இன்னொன்றும் நிகழ்ந்தது. இஸ்னிக் நகரின் குயவர்கள் கண்ணாடி விளக்கின் அதே வடிவத்தைப் பீங்கானில் செய்தனர். குப்பத்துஸ் ஸக்ராவுக்கென 1549இல் செய்யப்பட்ட ஒன்று இன்று பிரிட்டிஷ் நூதனசாலையில் இருக்கின்றது. நிறமும் எழுத்தும் மிக அழகியவை. ஆனால் பீங்கானுக்குள் ஒளி ஊடுருவாது. உள்ளே திரியை ஏற்றினாலும் வாய்வழியாக மேல்நோக்கிச் சிறிது வெளிச்சம் வரும், அவ்வளவுதான். ஒளிராத விளக்கை அழகுக்காகத் தொங்கவிடும் வழக்கம் ஐரோப்பிய வரவேற்பறையில் தொடங்கவில்லை. நமது பள்ளிவாசல்களிலேயே தொடங்கிவிட்டது. பிறரைக் குறைகூறப் புகுமுன் இதனை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே காலத்தில் ஸுலைமானிய்யாப் பள்ளிவாசலில் (1550–1557) விளக்குப் புகையை வாயிலின் மேலுள்ள அறைக்கு இழுத்து, அங்கே படியும் கரியிலிருந்து எழுதும் மை செய்யும் வண்ணம் காற்றோட்டத்தை ஸினான் அமைத்தார் என்று கூறப்படுவதையும் நினைத்துக்கொள்வது நன்று. அழகும் பயனும் ஒன்றாயிருந்த மரபு அடியோடு அற்றுவிடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். எகிப்தில் முஹம்மத் அலீ காலம் முதல் வக்ஃபுகளின் வருவாய் அரசின் கைக்கு மாறிற்று. எண்ணெய்க்குப் பணமில்லாத பள்ளிவாசலில் விளக்கு வெறும் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு விலைகொடுக்க ஐரோப்பியர் காத்திருந்தனர். ஸர்கித்மிஷின் விளக்கைப் பெற்றவர் ஷார்ல் ஷெஃபர் என்ற பிரெஞ்சுக் கீழைத்தேயவியலாளர். பின்னர் அது எகிப்தின் முதற் பிரதமர் நூபார் பாஷாவின் குடும்பத்தாரிடம் சென்றது. அதுதான் பூச்சாடியாயிற்று. ஏனைய விளக்குகளும் இவ்வாறே பாரிஸ், இலண்டன் முதலிய நகரங்களின் மாளிகைகளை அடைந்தன.

ஹனஃபி ஃபிக்ஹில் இதற்கென்றே போல ஒரு மஸ்அலா உண்டு. பள்ளிவாசலுக்கு வழங்கிய பாயோ விளக்கோ தேவையற்றதாகிவிட்டால் அது யாருக்கு உரியது? வழங்கியவருக்கே, அவர் இறந்திருப்பின் அவரது வாரிசுகளுக்கே மீளும் என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கூற்று. வேறொரு பள்ளிவாசலுக்கு மாற்றப்பட வேண்டும் என்பது இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கூற்று. ஹனஃபி மாணவருக்கென்றே எழுப்பப்பட்ட அந்த மத்ரஸாவின் சுவர்களுக்குள் இம்மஸ்அலா எத்தனை முறை பாடமாக நடந்திருக்கும்! இரண்டு கூற்றுகளில் எதன்படியும் அவ்விளக்கு பாரிஸ் நகரின் மாளிகைக்குப் போயிருக்க முடியாது. வாங்கியவரை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை, விற்றவரும் இருந்தார்.

எஞ்சியவற்றைக் காப்பதற்கு 1881இல் கெதீவ் தவ்ஃபீக்கின் ஆணையால் அரபுக் கலைச் சின்னங்களைப் பேணும் குழுவொன்று அமைந்தது. பள்ளிவாசல்களில் எஞ்சிய விளக்குகள் ஹாகிம் பள்ளிவாசலின் முற்றத்தில் திரட்டப்பட்டன. 1903இல் பாபுல் கல்க் பகுதியில் எழுந்த புதிய நூதனசாலைக்குச் சென்றன. உலகிலேயே மிகுதியான மம்லூக் விளக்குகள் இன்றும் அங்கேதான் உள்ளன. 1929இல் காஸ்தோன் வியெத் அவற்றுக்கு விரிவானதொரு பட்டியல் நூலை வெளியிட்டார்.

ஐரோப்பா சென்ற விளக்குகள் அங்கே வாளாவிருக்கவில்லை. பழம்பொருள்களைச் செப்பனிடுபவராயிருந்த ஃபிலிப்-ஜோஸஃப் புரோகார் பாரிஸில் அவற்றை ஆராய்ந்து, மறைந்துபோன எனாமல் நுட்பத்தை மீட்டெடுத்து 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். வியன்னாவின் லொப்மையர் நிறுவனமும் ‘அரபு பாணி’க் கண்ணாடிப் பொருள்களைச் செய்தது. நான்சி நகரின் எமில் கல்லே இஸ்லாமிய எனாமலில் பயின்ற கையோடு தமக்கென ஒரு பாணியை உருவாக்கினார். 1900க்குப் பின் அவர் செய்த மேசை விளக்குகளில் மின்குமிழ் கண்ணாடிக்குள் மறைந்திருக்க, கண்ணாடிக் கலமே ஒளிரும். அமெரிக்காவின் லூயி கம்ஃபர்ட் டிஃபனி 1870–71இல் வட ஆபிரிக்காவிலும் எகிப்திலும் பயணம் செய்தார். நிறக்கண்ணாடித் துண்டுகளை இணைத்த அவரது விளக்குகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வர் வீடுகளின் அடையாளமாயின. இவையனைத்தும் இஸ்லாமிய உலகிலிருந்து பெற்ற கடன் என்று மார்தட்டுவது பொருந்தாது. யப்பானியக் கலைக்கும், தேவாலயங்களின் நிறக்கண்ணாடிக்கும் அவற்றில் பெரும்பங்குண்டு. ஆயினும் விளக்கின் உறையே எழுத்தும் சித்திரமும் தாங்கி உள்ளொளியால் உயிர்பெறும் என்ற எண்ணத்துக்கு மம்லூக் விளக்கினும் சிறந்த ஆசான் அவர்களுக்கு வாய்த்திருக்க இயலாது.

நகல்களில் பலவற்றில் ஒரு குறை காணப்படும். எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் அதனைக் கோடாக மட்டும் பார்த்து வரைந்தமையால் சொற்கள் சிதைந்தன. வசனம் அலங்காரமாயிற்று. இலண்டனில் ஓவியர் லெய்டன் தம் இல்லத்தில் 1877 முதல் 1881 வரை கட்டிய ‘அரபுக் கூடம்’ வேறு வகையானது. அங்கே திமிஷ்கிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கொண்டுவந்த அசல் ஓடுகளே சுவரில் பதிக்கப்பட்டுள்ளன, நடுவே நீரூற்று. சுவரில் ஸூரா அர்ரஹ்மானின் தொடக்க வசனங்கள் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. அவ்வில்லம் இன்று நூதனசாலை, அழகை மறுப்பதற்கில்லை. இவ்வோடுகள் எந்தச் சுவரை விட்டு வந்தன என்ற கேள்வி மட்டும் அங்கு நிற்கும் முஸ்லிமின் நெஞ்சில் எழாமலிராது.

லெய்டன் போன்றோர் கிழக்கைத் தம் வீட்டுக்குள் கொண்டுவர முயன்ற அதே நூற்றாண்டில் கிழக்கின் ஆட்சியாளர் மேற்கைத் தம் வீட்டுக்குள் கொண்டுவந்தனர். 1856இல் முற்றுப்பெற்ற டொல்மபாஹ்சே மாளிகையில் சுல்தான் அப்துல் மஜீத், தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த தாழ்மேடைகளை விடுத்து ஐரோப்பிய நாற்காலிகளையும் மேசைகளையும் நிரப்பினார். பெருங்கூடத்தில் தொங்கும் இங்கிலாந்துப் படிகச் சரவிளக்கின் எடை நாலரைத் தொன்; அதில் 750 விளக்குகள். அதற்கு வேண்டிய எரிவாயுவுக்காக மாளிகையின் அருகே 1853இல் தனி ஆலையே அமைந்தது. விக்டோரியா மகாராணி அளித்த பரிசு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த அச்சரவிளக்கு காசு கொடுத்து வாங்கப்பட்டதே என்பது பின்னர் கண்டெடுக்கப்பட்ட பற்றுச்சீட்டால் தெளிவாயிற்று. அக்காலத்தில்தான் உஸ்மானிய அரசு வரலாற்றில் முதன்முறையாக வெளிநாட்டுக் கடனும் பெற்றது. படிகச் சரவிளக்கின்மீது நம் செல்வர்க்கு இன்றளவும் நீங்காத மோகத்துக்கு இதுவே தோற்றுவாய் என்று சொல்லிவிட முடியாவிடினும், அதன் ஒரு முன்னோடி இது என்பதில் ஐயமில்லை.

இன்று கடைகளில் ‘மொரோக்கோ விளக்கு’ என்ற பெயரில் துளையிட்ட தகட்டு விளக்குகளும், துண்டு நிறக்கண்ணாடி ஒட்டிய ‘துருக்கி விளக்கு’களும் கிடைக்கின்றன. முஸ்லிம் வீடுகளிலும் பிறர் வீடுகளிலும் அவை தொங்குகின்றன; பல தொழிற்சாலையில் அச்சாக வெட்டப்பட்டவை. அவற்றை வாங்குவதில் பிழையேதும் இல்லை. சுவரில் நிழற்கோலம் விழுத்தும் அவ்விளக்கு வாசிப்பதற்கு உதவாது என்பது மட்டும் வாங்கிய மறுநாள் தெரிந்துவிடும். கூரை முழுவதும் மின்குமிழ்களைப் புதைத்து அறையின் எல்லா மூலைகளையும் ஒரே அளவில் வெளுக்கச் செய்யும் வழக்கம் பெருகிவிட்ட இந்நாளில், மனிதர் அமரும் உயரத்துக்கு ஒளியைத் தாழ்த்திய பழைய கெய்ரோவின் கணக்கை நம் வீடு கட்டுவோர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அதற்குச் செலவு மிகுதியன்று. இப்னுல் ஹாஜும் ஆட்சேபிக்கமாட்டார்.

கெய்ரோ நூதனசாலையின் கதை இன்னும் சிறிது உண்டு. 2014 ஜனவரி 24ஆம் திகதி எதிரேயிருந்த பொலிஸ் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த வாகனக் குண்டு நூதனசாலையின் முகப்பைச் சிதைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் சேதமுற்றன. மம்லூக் விளக்குகளில் சில நொறுங்கின. தைமூரையும் கொள்ளைநோயையும் ஐரோப்பியச் சேகரிப்பாளரையும் தப்பி வந்தவை அவை. செப்பனிடுவோர் துண்டுகளைத் திரட்டி மாதக்கணக்கில் ஒட்டினர். 2017 ஜனவரியில் நூதனசாலை மீளத் திறக்கப்பட்டது. விளக்குகள் மீண்டும் கண்ணாடிப் பேழைகளுக்குள் சென்றன; வக்காத் இல்லை, எண்ணெயும் இல்லை.

நம் ஊர்களிலும் பழைய பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டுப் புதியவை எழுகின்றன. தூண்களுக்கிடையே தொங்கிய பித்தளை விளக்குகளும் கண்ணாடிக் குண்டுகளும் அப்போது இறக்கப்படுகின்றன. எந்த மரைக்காயர் எந்த ஆண்டில் வக்ஃபு செய்தார் என்பது சிலவற்றின் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கக்கூடும். இறக்கிய பின் அவை எந்தப் பதிவேட்டில் ஏறுகின்றன, அடுத்த பள்ளிவாசலுக்குச் செல்கின்றனவா, பழம்பொருள் வியாபாரியிடம் எடைக்குப் போகின்றனவா என்பதை அந்தந்த நிர்வாக சபையினரே சொல்ல வேண்டும்.